குடியை விட்டவருக்கு ஒரு கூட்டம்

ஏரிக்கரை உடைந்தால் ஊரே திரண்டு அதை அடைக்கிறது. மண் கொட்டி, மூட்டை அடுக்கி, திமிசு போட்டுக் கரையை உறுதிப்படுத்துகிறோம். ஆனால் அனுபவம் மிக்க விவசாயி அத்துடன் வீட்டிற்குச் சென்று உறங்கிவிடுவதில்லை. புதுமண் இறுகும் வரையில், முதல் மழைக்காலம் கழியும் வரையில், இரவில் விளக்கும் கையுமாகக் கரையைச் சுற்றி வருகிறார். அடைத்த இடம் மீண்டும் கசியக்கூடும் என்பது அவருக்குத் தெரியும்.

குடிநோய்க்கு ஆளான ஒருவர் மருத்துவமனையில் சிகிச்சை பெற்று ஊர் திரும்பும் நிலையும் இத்தகையதே. உடைப்பை மருத்துவர் அடைத்து அனுப்புகிறார். பின்பு கரையைக் காப்பவர் யார்? இக்காவலுக்கு ஏற்ற ஒரு முறை பல நாடுகளில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. குடியை விட்டவர்களும், விட விரும்புகிறவர்களும் வாரந்தோறும் ஓரிடத்தில் கூடி, தங்கள் அனுபவங்களைப் பேசிக்கொள்ளும் துணைக் கூட்டமே அது. அக்கூட்டம் எத்தகையது, அதை எவ்வாறு தேடிக் கண்டுகொள்வது, ஊராட்சி உறுப்பினர்கள் அதன் பொருட்டுச் செய்யத்தக்கது எது, தகாதது எது என்பவற்றை இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

மாலை ஆறு மணி

கிராமங்களைப் பார்வையிடச் செல்லுகையில் ஒரு பெண்மணி நம்மிடம் கூறியது இன்றும் நினைவில் நிற்கிறது. அவருடைய கணவர் இரு வார காலம் மாவட்ட மருத்துவமனையில் இருந்து, நல்ல உடல்நலத்துடன் வீடு திரும்பியவர். "பகலெல்லாம் ஒரு குறையும் இல்லை, ஐயா. வயலுக்குப் போகிறார், மாட்டைக் கவனிக்கிறார். சாயங்காலம் ஆறு மணியானால் திண்ணையில் உட்கார்ந்து தெருவையே பார்க்கிறார். அந்த இரண்டு மணி நேரத்திற்கு அவரை எங்கே அனுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை" என்றார் அவர்.

அந்த அம்மையாருக்கு அன்று தக்க விடையளிக்க நம்மால் இயலவில்லை. பழைய தோழர்கள் யாவரும் குடிக்கும் தோழர்கள். பழைய பாதை யாவும் கடைக்குச் செல்லும் பாதை. குடியை விட்டவர் அத்தோழமையையும் சேர்த்தே விடுகிறார். அவ்விடத்தில் வேறொரு தோழமையை வைக்காவிடில், வெறுமை அவரைப் பழைய வழிக்கே இழுத்துச் சென்றுவிடும்.

குற்றம் அன்று, நோய்

முதற்கண் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். குடிக்கும் யாவரும் நோயாளிகள் அல்லர். ஆனால் நிறுத்த வேண்டுமென்று உளமார விரும்பியும் நிறுத்த இயலாமல், குடிக்காவிடில் கைநடுக்கமும் உறக்கமின்மையும் வந்து, குடும்பமும் தொழிலும் கெடுவதைக் கண்டும் குடிப்பவர் நோய்வாய்ப்பட்டவரே. அவரை மன உறுதி அற்றவர் என்று ஏசுவதால் பயன் இல்லை. நீரிழிவு உடையவரை ஏசி அந்நோயைத் தீர்த்தவர் எவரும் இல்லை அன்றோ?

நம் மாநிலத்தின் மதுவிலக்கு வரலாறு யாவரும் அறிந்ததே. 1937 அக்டோபர் முதல் தேதி சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948-இல் மாகாணம் முழுவதற்கும் விரிந்தது, 1971-இல் தளர்த்தப்பட்டது, 1974-இல் மீண்டும் வந்தது, 1981-இல் மறுபடியும் தளர்த்தப்பட்டது. கடை திறந்திருந்த காலத்திலும் மூடியிருந்த காலத்திலும் குடிநோயாளர் நம்மிடையே இருந்தே வந்தனர். எனவே, சட்டம் எவ்வாறிருப்பினும் அவர்களுக்கு உதவும் கடமை ஊருக்கு உண்டு.

மத்திய சமூக நீதி அமைச்சகம் 2019-இல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, நாட்டில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகின்றனர், அவர்களுள் 5.7 கோடிப் பேருக்கு ஏதேனும் ஒரு வகையில் உதவி தேவைப்படுகிறது. குடிக்கு அடிமைப்பட்டவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றவராகக் காணப்பட்டார். மற்ற 37 பேர் எங்கே செல்வது என்று அறியாமலோ, செல்லக் கூசியோ வீட்டிலேயே இருந்துவிடுகின்றனர் என்றே நாம் கருதவேண்டியிருக்கிறது.

முதலில் மருத்துவர், பின்பு கூட்டம்

நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவந்த ஒருவர் திடீரென்று நிறுத்துவது ஆபத்தாகவும் முடியக்கூடும். நிறுத்திய சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் கைநடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தோன்றலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு காணும். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரையில் சிலர் ஜன்னி கண்டாற்போல் பிதற்றி, இல்லாத உருவங்களைக் கண்டு அஞ்சுவர். இது உயிருக்கே கேடு விளைவிக்கக்கூடிய நிலை. "அறையில் பூட்டி வைத்தால் நான்கு நாளில் சரியாகிவிடும்" என்று எண்ணுவோர் இதை அறிதல் வேண்டும். வலிப்போ பிதற்றலோ கண்டால் தாமதமின்றி 108 ஊர்தியை அழைத்தல் வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் உண்மையை மறைக்காமல் கூறுவதே முதற்படி. அவர் தேவைக்கேற்ப மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பி வைப்பார். 2025-இல் மாநில அரசு 'கலங்கரை' என்னும் பெயரால் 25 இடங்களில் அரசு மருத்துவமனைகளில் போதை மீட்பு மையங்களைத் திறந்துள்ளது. தொலைபேசி வழியாக அறிவுரை பெற 104, 14416, 14446 ஆகிய எண்கள் உள்ளன. இவற்றுள் 14416 மனநல ஆலோசனைக்கும், 14446 போதைப் பழக்கத்திலிருந்து மீளும் வழிகளைக் கேட்பதற்கும் உரியன.

இங்கு ஓர் எச்சரிக்கையும் அவசியம். "அவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுங்கள், குடியை மறந்துவிடுவார்" என்று விளம்பரம் செய்யப்படும் பொடிகளையும் மாத்திரைகளையும் வாங்கக் கூடாது. மருத்துவர்கள் தரும் டைசல்ஃபிராம் என்னும் மாத்திரையை உட்கொண்டவர் மது அருந்தினால் முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் உண்டாகி, இரத்த அழுத்தம் தாழ்ந்து, உயிருக்கே ஆபத்து நேரலாம். அதனால்தான் நோயாளியின் முழுச் சம்மதத்துடன் மட்டுமே அதைக் கொடுக்கின்றனர். அறியாதவருக்கு அதைக் கலந்து ஊட்டுவது அன்பின் பெயரால் செய்யும் பெருந்தீங்கு.

கூட்டம் பிறந்த வரலாறு

1935-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் ஆக்ரன் என்னும் நகருக்கு வியாபார நிமித்தமாக வந்திருந்தார் பில் வில்சன் என்பவர். அவர் குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வந்த காரியம் தோல்வியுற்றது; மனம் மீண்டும் மதுவை நாடியது. அவ்வேளையில் அவர் தேடியது தம்மைப் போன்ற மற்றொரு குடிநோயாளரை. அவ்வூர் அறுவை மருத்துவரான பாப் ஸ்மித் என்பவர் அவ்வாறு கிடைத்தார். இருவரும் மணிக்கணக்கில் பேசினர். வில்சன் அறிவுரை கூறவில்லை. தம் கதையையே கூறினார். அவ்வாண்டு ஜூன் 10-ஆம் தேதிக்குப் பின் ஸ்மித் மதுவைத் தொடவில்லை. அந்த நாளையே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் இயக்கத்தின் பிறந்த நாளாகக் கொள்கின்றனர். பெயர் வெளியிடாத குடிநோயாளர் என்பது இதன் பொருள். சுருக்கமாக ஏ.ஏ. என்று வழங்குவர். இவ்வியக்கம் 1957-இல் பம்பாய் நகரத்தில் இந்தியாவில் வேர்கொண்டது. தமிழ்நாட்டிலும் தமிழிலேயே பேசிக் கூட்டம் நடத்தும் குழுக்கள் உள்ளன.

2020-இல் காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வு அமைப்பு 27 ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டது. குடியை முற்றும் விட்டு நிலைத்திருப்பதில், ஏ.ஏ. கூட்டங்களில் சேர்ப்பிக்கும் முறையான சிகிச்சை, மற்றப் பெயர்பெற்ற சிகிச்சை முறைகளைக் காட்டிலும் கூடுதலான பயன் அளித்ததாக அது கண்டது. இதனால் யாவருக்கும் இது தவறாது பலிக்கும் என்று கொள்ளலாகாது. எனினும், பணச் செலவின்றிக் கிடைக்கும் ஓர் உதவிக்கு இத்துணைச் சான்று இருப்பது கருதத்தக்கது.

கூட்டத்தில் நடப்பது என்ன?

பள்ளிக்கூட அறை, தேவாலயக் கூடம், மருத்துவமனையின் ஒரு பக்கம் போன்ற இடங்களில் மாலை வேளையில் பத்துப் பேரோ இருபது பேரோ கூடுவர். ஏறத்தாழ ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் கூட்டம் நடைபெறும். ஒருவர் எழுந்து, தம் பெயரை மட்டும் கூறி, தாம் குடிநோயாளர் என்று சொல்லித் தம் அனுபவத்தைப் பேசுவார். மற்றவர்கள் குறுக்கே பேசாமல் கேட்பர். பேச விரும்பாதவர் பேசாமலே இருக்கலாம். குடியை விட வேண்டுமென்னும் விருப்பம் ஒன்றே சேர்வதற்குரிய தகுதி. கட்டணம் இல்லை, சாதி, சமயம், கட்சி பற்றிய வினா இல்லை. வாடகைக்கும் தேநீருக்குமான செலவை உறுப்பினர்களே மனமுவந்து இடும் காசைக் கொண்டு சமாளிக்கின்றனர். தம்மினும் மேலான ஒரு சக்தியைப் பற்றி அங்குப் பேசுவர். அதை அவரவர் தத்தம் நம்பிக்கைப்படி கொள்ளலாம்.

வாழ்நாள் முழுவதும் குடிக்க மாட்டேன் என்று சபதம் செய்யும்படி எவரையும் கேட்பதில்லை. இன்று ஒரு நாள் குடிக்காமல் இருப்போம் என்பதே அவர்கள் கொள்ளும் அளவு. நாளைய பாரத்தை நாளைக்கு விட்டுவிடுவதால், மலைபோலத் தோன்றிய காரியம் கைக்கு எட்டும் அளவாகிறது. சில காலம் சென்றபின், மூத்த உறுப்பினர் ஒருவரை வழித்துணையாகக் கொள்வதும் வழக்கம். மனம் தடுமாறும் வேளையில் அவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசலாம்.

தேடிக் கண்டுகொள்ளும் வகை

இக்கூட்டங்கள் விளம்பரம் செய்து ஆள் சேர்ப்பதில்லை. ஆகவே நாம்தாம் தேடிச் செல்ல வேண்டும். அதற்குரிய வழிகளாவன:

முதலாவதாக, மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் போதை மீட்பு மையங்களிலும் உள்ள ஆலோசகரைக் கேட்க வேண்டும். எந்த ஊரில், எந்தக் கிழமையில் கூட்டம் நடக்கிறது என்பதை அவர்கள் பெரும்பாலும் அறிந்திருப்பர். மேற்கூறிய தொலைபேசி எண்களிலும் கேட்கலாம், ஏ.ஏ. இயக்கத்தாரின் சேவை அலுவலகங்களையும் நேரே அணுகலாம்.

இரண்டாவதாக, கிடைத்த செய்தியைப் புறப்படுமுன் உறுதிசெய்துகொள்ள வேண்டும். இடமும் கிழமையும் மாறுவதுண்டு. முதன்முறையாகத் துணிந்து சென்றவர் பூட்டிய கதவைக் கண்டு திரும்பினால், மறுமுறை செல்வது அரிது. கூட்டம் தமிழில் நடப்பதா, குடும்பத்தாரும் வரத்தக்க திறந்த கூட்டமா, குடிநோயாளருக்கு மட்டுமான மூடிய கூட்டமா என்பவற்றையும் கேட்டறிதல் நலம். முதன்முறை திறந்த கூட்டமாயின் மனைவியோ சகோதரரோ உடன் செல்லலாம்.

மூன்றாவதாக, கிராமத்தார்க்கு மிக முக்கியமானது பேருந்து. கூட்டம் இரவு எட்டரை மணிக்கு முடிந்து, கடைசிப் பேருந்து எட்டு மணிக்கே புறப்படுமாயின், அக்கூட்டம் அவருக்கு இல்லாத கூட்டமே. ஞாயிறு பகலில் நடைபெறும் கூட்டம் உண்டா என்று கேட்கலாம். இரு சக்கர வாகனம் உள்ள ஒருவரைத் துணையாக ஏற்பாடு செய்யலாம். செல்ல இயலாத நாட்களில், 2020-இன் பெருந்தொற்றுக் காலத்தில் பரவலான கைபேசி வழிக் கூட்டங்களும் உதவும்.

நான்காவதாக, ஒரே கூட்டத்தைக் கொண்டு முடிவு செய்துவிடக் கூடாது. ஐந்தாறு முறையேனும் சென்று பார்க்க வேண்டும். ஒரு குழு மனத்திற்கு ஒவ்வாவிடில் மற்றொன்றை நாடலாம்.

ஐந்தாவதாக, போலிகளை அறிதல் வேண்டும். துணைக் கூட்டம் எவரையும் அடைத்து வைப்பதில்லை, பணம் கேட்பதில்லை. ஆளை வலிய வண்டியில் ஏற்றிச் சென்று, பெருந்தொகை பெற்றுக்கொண்டு, கட்டிப்போட்டு வைக்கும் இல்லங்களைப் பற்றி நாம் கேள்விப்படுகிறோம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது; இத்தகைய இல்லங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. பதிவைக் காட்ட மறுக்கும் இல்லத்தில் எவரையும் சேர்த்தல் ஆகாது.

குடும்பத்தாருக்கும் ஒரு கூட்டம்

குடிநோய் ஒருவரைப் பற்றினாலும், துன்பம் வீடு முழுவதையும் பற்றுகிறது. 1951-இல் 'அல்-அனான்' என்னும் குடும்பத்தார் குழுக்கள் தனியே அமைந்தன. குடிப்பவர் சிகிச்சைக்கு வர மறுப்பினும், மனைவியோ தாயோ இக்கூட்டத்திற்குச் செல்லலாம். அவர் குடிப்பதற்குத் தாம் காரணம் அல்லர் என்பதை உணர்வதே பல பெண்மணிகளுக்குப் பெரும் பாரத்தை இறக்கி வைத்தாற்போல் இருக்கும். இச்செய்தியை வீடுதோறும் கொண்டு சேர்க்க மகளிர் சுய உதவிக் குழுவினரே தக்கவர்கள். பெண்களுள்ளும் குடிநோயாளர் உண்டு. அவர்கள் இருமடங்கு நாணி மறைகின்றனர் என்பதையும் மறக்கலாகாது.

நாம் செய்த பிழை

இனி ஊராட்சியின் கடமையைக் கூறுமுன், நம் பிழை ஒன்றையும் மறைக்காமல் கூறுவோம். சில ஆண்டுகளுக்கு முன், நம் பொறுப்பிலிருந்த வட்டாரத்தில் ஒரு சிற்றூரின் பழைய நூலகக் கட்டடத்தில் இத்தகைய குழு ஒன்று கூடி வந்தது. ஏழெட்டுப் பேர் வந்துகொண்டிருந்தனர். நல்ல முயற்சி என்று மகிழ்ந்து, நாம் ஒரு நாள் சென்று பாராட்டினோம். மாதாந்திர அறிக்கையில் சேர்க்கும் பொருட்டு வருகைப் பதிவேடு ஒன்று வைக்கும்படியும், பயனாளிகளின் பெயர், வயது, ஊர் ஆகியவற்றைக் குறித்துத் தரும்படியும் கேட்டோம். நிழற்படம் ஒன்றும் எடுக்கச் செய்தோம்.

அடுத்த வாரம் அவ்வறைக்கு இருவரே வந்தனர். அதற்கு அடுத்த வாரம் எவரும் வரவில்லை. குழு மீண்டும் கூடப் பல மாதங்கள் ஆயின. வேறோர் ஊரில்தான் கூடியது. முன்பு வந்தவருள் ஒருவர் இடைக்காலத்தில் மறுபடியும் குடிக்கலானார் என்று பின்னர் அறிந்தோம். கிணறு, சாலை, கழிப்பறை என்று யாவற்றையும் எண்ணிக் கணக்கெழுதிப் பழகிய நமக்கு, கணக்கெழுதினால் கெடும் காரியமும் ஒன்று உண்டு என்பது அன்றுதான் விளங்கிற்று. பெயர் வெளிவராது என்னும் நம்பிக்கையே அக்கூட்டத்தின் அஸ்திவாரம். அதை நாமே தோண்டிவிட்டோம்.

ஊராட்சி செய்யத்தக்கவை

ஆகவே ஊராட்சி உறுப்பினர்களுக்கு நாம் கூறுவது எளிது. ஓர் அறையும் ஒரு விளக்கும் சாவியும் கொடுங்கள். பின்பு அகன்று நில்லுங்கள். தொடக்க விழா வேண்டா, தலைமை தாங்க வேண்டா, நன்கொடையும் வேண்டா. ஏ.ஏ. குழுக்கள் வெளியார் பொருளைப் பெறுவதில்லை. சிறு வாடகை கொடுக்க அவர்கள் விரும்பினால் பெற்றுக்கொள்ளுங்கள். அருகில் கூட்டமே இல்லாத இடத்தில், குடியை விட்டு நிலைத்திருக்கும் இருவர் மனம் வைத்தால் புதிய கூட்டம் தொடங்கலாம். பக்கத்து நகரக் குழுவினர் வந்து வழிகாட்டுவர்.

சிகிச்சையையே ஊருக்குக் கொண்டுவந்த முன்மாதிரியும் நம்மிடம் உண்டு. 1980-இல் சென்னையில் சாந்தி ரங்கநாதன் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, 1980-களின் இறுதியில் அந்நாளைய தஞ்சை மாவட்டத்து மஞ்சக்குடியில் கிராம முகாம் நடத்தத் தொடங்கியது. ஊராரின் ஒத்துழைப்புடன், நோயாளரைப் பல நாட்கள் உள்ளூரிலேயே தங்கவைத்துச் சிகிச்சை அளித்தனர். குடும்பத்தாருக்கும் அறிவுரை கூறினர். பின்னர்த் தொடர்ந்தும் கவனித்து வந்தனர். ஊர் மனம் வைத்தால் எதுவும் தொலைவில் இல்லை என்பதற்கு இது சான்று.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் இதைப் பற்றிப் பேசலாம். ஆனால் எந்த ஒருவரின் பெயரும் அங்கு உச்சரிக்கப்படக் கூடாது. கூட்டம் நடக்கும் ஊர், இடம், கிழமை, நேரம், செல்லும் பேருந்து, திரும்பும் கடைசிப் பேருந்து ஆகிய செய்திகளை ஒரு தாளில் எழுதி, ஊராட்சி அலுவலகத்திலும் நியாய விலைக் கடையிலும் சுகாதார நிலையத்திலும் ஒட்டி வையுங்கள். எவரையும் கேளாமல், நின்று படித்துச் செல்லும்படி அது இருக்கட்டும். ஆறு மாதத்திற்கு ஒரு முறை அதைத் திருத்தி எழுதுங்கள்.

மீண்டவர் சில வேளை தவறக்கூடும். அப்பொழுது "நான் அன்றே சொன்னேன்" என்று கூறுவோர் ஊரில் பலர் இருப்பர். கரை ஓரிடத்தில் கசிந்தால், ஏரியே வேண்டாமென்று எந்த விவசாயியும் விட்டுவிடுவதில்லை, மண்வெட்டியுடன் ஓடுகிறார். தவறியவர் மறுநாளே கூட்டத்திற்குத் திரும்பலாம். அங்கே அவரை ஏசுவார் இல்லை.

அன்று அப்பெண்மணிக்கு நாம் கூற இயலாத விடையை இப்பொழுது கூறலாம். மாலை ஆறு மணிக்கு அவருடைய கணவர் செல்லத்தக்க ஓர் இடம் உண்டு. அதற்குரிய வழியை எழுதி வைப்பது நம் பொறுப்பு. அத்தாளை இந்த வாரத்திலேயே எழுதி ஒட்ட, ஊராட்சி உறுப்பினர்கள் முன்வருவார்களாக.